கரையிலிருந்து எழுதிய கணக்கு

தூண்டிலும் கையுமாக ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவனை எங்கள் வாலாஜாபாத் பக்கத்தில் யாரும் வேலை செய்கிற ஆளாக எண்ணுவதில்லை. வலை வீசுகிறவருக்கு மரியாதை உண்டு, அது அவர் பிழைப்பு. குத்தகைக்காரருக்கு அதைவிட மரியாதை, அவர் பணம் கட்டியிருக்கிறார். தூண்டில்காரனுக்கு இரண்டும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் இந்த மூன்றாவது கூட்டத்தில் சேர்ந்தேன்.

எங்கள் வட்டாரத்து ஏரிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். ஆயக்கட்டு, மதகு, கலங்கல், வரத்துக்கால் என்று எல்லாக் கணக்கும் பணிக்காலத்திலேயே மனப்பாடம். கல்வெட்டுத் தொகுதிகளையும் வாங்கி அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் வருவாய்த் துறைக்கு அறிக்கை எழுதுகிற கைதான் வந்தது. பத்தி பத்தியாக ஏக்கரும் கன அடியும். அந்தக் கையை மாற்றியது, மதராஸ் மாகாணத்துக் கலெக்டர் ஒருவர் தூண்டிலைப் பற்றி எழுதிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம்.

அவர் பெயர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். தென் கன்னட மாவட்டம் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அங்கே பணியில் இருந்தபோது 1870-இல் மீன்வளர்ப்பைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, 1873-இல், மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ அச்சாயிற்று. 1881-இலும் 1897-இலும் அது திருத்தி மறுபதிப்பாக வந்தது. இரண்டுக்கும் நடுவில், 1887-இல், ‘டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா’ என்று இன்னொன்று எழுதினார். குளத்திலும் ஏரியிலும் தூண்டில் போடுவதற்கென்றே ஒரு தனிப் புத்தகம். ஏரி மாவட்டத்துக்காரனான என்னை இழுத்தது அந்தத் தலைப்புதான்.

தாமஸ் வந்த நாட்டில் தூண்டில் போடுவது ஒரு கல்வி. அதில் உச்சம் ஃப்ளை ஃபிஷிங். முள்ளில் புழுவோ மாவோ கோப்பதில்லை. இறகும் பட்டுநூலும் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி செய்வார்கள். அதற்கு எடையே இருக்காது, எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் நூலையே கனமாகத் திரித்து, வளைகிற கோலால் முன்னும் பின்னும் வீசி, அந்த நூலின் எடையே பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீர்மேல் இறக்கும்படி பழகுவார்கள். குளிர்ந்த ஓடையில் வாழும் டிரவுட் மீன் தண்ணீர்ப்பரப்பில் விழும் பூச்சிகளைத் தின்பது, பொய்யை மெய்யென்று நம்பிக் கவ்வும்.

இந்தப் பழக்கத்திலிருந்து புத்தகம் பிறப்பதும் அங்கே பழைய வழக்கம். ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ வந்தது 1653-இல். வால்டன் லண்டனில் வியாபாரம் செய்தவர். அவருக்குக் கைவந்தது இரை கோத்த தூண்டில்தான். பொய்ப்பூச்சி பற்றிய விரிவான பகுதியை அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் எழுதி, 1676-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சேர்த்தார். தூண்டில் இலக்கியத்திலேயே பேர்பெற்ற நூலின் முதல் பதிப்பு, அந்தக் கலையின் உச்சத்தில் கைதேராத ஒருவர் எழுதியது என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

இந்தக் கலையைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். மதராஸ் மாகாணத்தில் குளிர்ந்த தண்ணீர் என்றால் நீலகிரி, அதை அடுத்த மலைகள். அங்கே டிரவுட் கிடையாது. மீனியல் அறிஞரும் ராணுவ மருத்துவருமான பிரான்சிஸ் டே 1860-களில் முட்டை கொண்டுவந்து முயன்றார், பலிக்கவில்லை. இலங்கையில் நுவரெலியா ஓடைகளில் 1880-களில் விடத் தொடங்கினார்கள். நீலகிரியில் ரெயின்போ டிரவுட் நிலைபெற்றது எச். சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் வந்த பிறகு, 1906, 1907 வாக்கில். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்ததும் அப்போதுதான். தங்கள் ஊர் விளையாட்டுக்காக மீனையே கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

தாமஸ் டிரவுட்டுக்காகக் காத்திருக்கவில்லை. இங்கே இருக்கிற மீன் எது, அது எதைத் தின்கிறது என்று கேட்டார். மேற்குமலை ஆறுகளில் மாசீர் என்னும் பெருங்கெண்டை இருந்தது. அதன் பலத்தையும் பழக்கத்தையும் பக்கம் பக்கமாக எழுதினார். ஆற்றின் மேல்மட்டத்தில் ஓடும் விரல்நீள வெள்ளிக்கெண்டைகளைக்கூட விடவில்லை, அவற்றுக்குப் பொடிப்பூச்சி கட்டினால் எடுக்கும் என்று கண்டார். குளத்துக்கு வந்தபோது பொய்ப்பூச்சி அநேகமாகப் பயனற்றுப் போயிற்று. ரோகு நடுத்தண்ணீரிலும் மிர்கால் அடித்தண்ணீரிலும் மேய்பவை. அவற்றுக்கு மாவு உருண்டை வேண்டும், லேசான மிதப்பு வேண்டும், முன்கூட்டியே இரை தூவி இடத்தைப் பழக்க வேண்டும். இளமையில் கற்ற வித்தை உதவாத தண்ணீரில்தான் அவருக்கு இரண்டாவது புத்தகம் கிடைத்தது. தெரிந்ததைத் தெரிந்த இடத்தில் செய்துகொண்டிருந்தால் அவர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதியிருப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடந்தது. மீன் கிடைக்காத நாளில் சாதாரண ஆள் ராசியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். தாமஸ் கலெக்டர் ஆனதால் ஏன் கிடைக்கவில்லை என்று விசாரணை வைத்தார். சினை மீன் மேலேறும் வழியை அணை மறிக்கிறது. வயலிலிருந்து தண்ணீர் வடியும் ஒவ்வொரு கடைமடையிலும் கூடு வைத்துக் குஞ்சோடு வாரிவிடுகிறார்கள். மடுவில் நஞ்சு கலக்கிறார்கள். விளையாட்டுக்கென்று தொடங்கிய புத்தகத்தில் மீனின் இயற்கை வரலாறும் வளர்ப்பும் அதன் பொருளாதார மதிப்பும் புகுந்தன. முதல் பதிப்பின் தலைப்பிலேயே இவை உண்டு. அதே 1873-இல்தான் பிரான்சிஸ் டே இந்தியா, பர்மா முழுமைக்கும் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். இந்த எழுத்துகள் கிளப்பிய வாதம் இருபது ஆண்டுக்குமேல் ஓடி, 1897-இல் இந்திய மீன்வளச் சட்டமாக வந்து நின்றது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது குற்றமாயிற்று. 1905-இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் மதராஸ் மாகாணத்து மீன்வள விசாரணையைக் கையில் எடுத்தார், 1907-இல் மீன்வளப் பணியகம் ஏற்பட்டது. இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிற மீன்வள அலுவலகத்துக்கு மூதாதை அதுதான்.

தாமஸ் சொன்னதை எல்லாம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வயலில் கூடு வைக்கிற குடியானவன் அவர் கண்ணுக்கு மீனின் எதிரியாகத் தெரிந்தான். அந்தக் கூட்டில் விழுகிற ஒரு கைப்பிடி பொடிமீன்தான் பல வீட்டில் வாரத்துக்கு ஒரே கவிச்சி. அவர் புத்தகம் வந்த மூன்றாம் ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878 வரை மதராஸ் மாகாணத்தை வாட்டியது. செங்கல்பட்டு மாவட்டமும் தப்பவில்லை. அடுத்த பருவத்துக்குக் குஞ்சை விட்டுவை என்று பசித்தவனிடம் யார் சொல்வது? கோலைத் தோளில் வைத்துக்கொண்டு, மாலையில் பங்களாவுக்குத் திரும்புகிறவருக்கு அடுத்த பருவம் நிச்சயம். ஆனாலும், மீன் எப்போது சினை பிடிக்கிறது, எந்த வழியாக ஏறுகிறது, எங்கே மடிகிறது என்று கரையில் நின்று கவனித்து எழுதினார் என்பது நிற்கிறது.

எங்கள் பக்கத்துக் கணக்கு எப்படி இருந்தது என்று திருப்பிப் பார்த்தேன். ஆயிரம் ஆண்டுக் கணக்கு அது.

வாலாஜாபாத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டினால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. ஜனநாயகம் பற்றிப் பேசுகிற மேடையில் எல்லாம் அதை எடுத்துக்காட்டுவார்கள். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், உறுப்பினர் ஆறு பேர். அவர்களின் கண்காணிப்பில் இருந்த பெரிய ஏரி, பல்லவர் காலத்து வைரமேக தடாகம். வாரியத்துக்கு வர, இறை கட்டுகிற நிலம் கால் வேலிக்குமேல் சொந்தமாக இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்குமேல் 70-க்குள் இருக்க வேண்டும். நிலக்காரர் பார்வையில் ஏரி என்பது கரை, மதகு, தூர்வாருதல். மீன் எங்கே வருகிறது? சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்ற பெயரில் ஏரி மீன் குத்தகை வருகிறது. அந்தப் பணத்தைக் கரை பார்க்கவும் மண் எடுக்கவும் ஒதுக்கிய ஊர்கள் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் மீன் ஒரு வரவினம் மட்டுமே.

கிழக்கிந்தியக் கும்பினி வந்த பிறகும் அதே கதை. நவாப் முகமது அலி வாலாஜா 1763-இல் இந்த வட்டாரத்தைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததும் அவர் பட்டத்தால்தான். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767-இலிருந்து 1774 வரை ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, யார் யாருக்கு என்ன மானியம் என்று ஓலையில் கணக்கு ஏறியது. 1794-இலிருந்து 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்த்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையில் வருகிற துரை அவர்தான். 1879-இல் சி. எஸ். குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேடு வந்தது. எங்கள் ஊர் வரலாறு என்று இவற்றிலெல்லாம் பேசப்படுவது படைமுகாம். 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது, புதுத் தலைப்பாகை பற்றிய அதே கசப்பு வாலாஜாபாத்துப் பட்டாளத்திலும் இருந்தது. சிப்பாய், வரி, கரை என்று எல்லாம் இருக்கிறது. ஏரிக்குள் என்ன வாழ்ந்தது என்று கேட்டவர் இல்லை.

என் தாத்தா கர்ணம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியை எடுத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர் பணியைக் கொண்டுவந்தது. நான் தேர்வு எழுதித்தான் அந்த நாற்காலிக்கு வந்தேன். தாத்தாவின் கணக்கிலும் மீன் என்றால் ஏலத்தொகை, என் பதிவேட்டிலும் அதுதான். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஏரிக்கணக்கு எழுதியிருக்கிறோம், இருவர் கணக்கிலும் ஒரு விரால்கூட நீந்தவில்லை.

இத்தனை பெரிய ஆவணக் குவியலுக்கு வெளியே நின்று மீனைப் பார்த்தவர்கள் தமிழ்க்கரையில் இருந்திருக்கிறார்கள். தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். நம் ஊர் விராலுக்கு 1793-இல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பிளாக். அதே தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் கும்பினி அதிகாரி, ஒரு பனையேறிக் கெண்டையைத் தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் பனைமரத்திலிருந்து எடுத்ததாக 1791-இல் குறித்தார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-இல் அச்சிட்டது. மீன் மரம் ஏறுமா என்று இன்றுவரை விவாதம். அது ஏறியதோ இல்லையோ, ஈரமண்ணில் செவுள்மூடியை ஊன்றி நடந்துபோவதை எங்கள் பக்கத்தில் பார்க்காத பிள்ளை இல்லை.

தாமஸைப் படித்த பிறகு நான் தூண்டிலை வேறு விதமாகப் போட ஆரம்பித்தேன். ஊருக்கு வடக்கே தென்னேரி இருக்கிறது, காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் ஒன்று. மூங்கில் கோல், நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு. ஃப்ளை ராடுக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் பொய்ப்பூச்சிக்காரர்கள் கேட்கிற கேள்வி, இப்போது தண்ணீர்மேல் என்ன விழுகிறது என்பது, இங்கேயும் செல்லும். அதற்குப் பதில் புரட்டாசி, ஐப்பசியில் கிடைக்கும். முதல் மழை விட்ட மாலையில் கரைப் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். தண்ணீரில் விழுந்து சிறகு ஒட்டிக்கொண்டு துடிக்கும். அந்த அரைமணி நேரம் அடியில் மேய்கிற கெண்டைகூட மேலே வரும். கரைப் பிள்ளைகள் தக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் முள்ளில் ஈசலைக் கோத்து மிதக்கவிட்டு எடுப்பார்கள். சிறகோடு கோத்தால்தான் மிதக்கும் என்று ஒருவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். இங்கிலாந்துக்காரன் பட்டுநூலும் இறகும் சுற்றிச் செய்ததை, எங்கள் பிள்ளைகள் புற்றிலிருந்து எடுத்துச் செய்கிறார்கள்.

இன்னொரு பாடம் விராலிடம். தவளை கோத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர், பரம்பரையாக அந்த ஏரியில் பிடிக்கிறவர், எட்டிப் பார்த்தார்.

“அந்தாண்ட போடாதீங்க சார். குஞ்சு வச்சிருக்குது.”

அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொதிப்பதுபோல் இருந்தது. விரால் குஞ்சுகள், சிவப்பாக, ஒரே திரளாக. அடியில் தாயும் தகப்பனும் காவல். கிட்டே எது வந்தாலும் பசிக்காகக் கவ்வாது, விரட்டக் கவ்வும். அந்த நேரத்தில் அதைப் பிடிப்பது சுலபம்.

“இப்ப புடிச்சா ஒரு மீனு. வுட்டா ஏரிக்கே மீனு. ஆனா குத்தகைக்காரரு அப்பிடி பார்க்க மாட்டாரு சார், அவருக்கு பங்குனியோட முடிஞ்சிபூடும்.”

தாமஸ் அரசுக்கு எழுதிய வாதத்தின் சாரம் இந்த இரண்டு பேச்சில் இருந்தது. கூடவே தாமஸிடம் இல்லாத ஒன்றும் இருந்தது. குஞ்சை அழிப்பது பசித்தவனின் கூடு மட்டுமல்ல, குறுகிய காலக் குத்தகையும்தான். ஏரி தன் கையில் எத்தனை மாதம் இருக்கும் என்று தெரிந்தவன் அத்தனை மாதத்துக்குள் வழித்து எடுப்பான். சோழர் காலப் பாசிப்பாட்டத்திலிருந்து இன்றைய ஏலம் வரை இந்தச் சிக்கல் அப்படியே கிடக்கிறது.

அதற்குப் பிறகு குறிப்பேடு நிரம்பத் தொடங்கியது. ஏரியில் இன்று கிடைப்பவற்றில் பாதி வந்தேறிகள். ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்குள் வந்தது 1952-இல். யாரும் விடாமலேயே ஒவ்வொரு தாங்கலிலும் நிரம்பிவிட்டது. கட்லாவும் ரோகுவும் வடக்கே கோதாவரி, கங்கை ஆறுகளைச் சேர்ந்தவை, குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விடுவது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அவ்வப்போது முள்ளில் மாட்டுகிறது. உள்ளூர்க் குறவை, ஆரால், அயிரை எல்லாம் வரத்துக்கால் உயிரோடு இருக்கிற ஏரியில்தான் தங்குகின்றன. புதுத்தண்ணீர் கலங்கலில் வழியும்போது எதிரேறி வருகிற மீன் எந்த ஏரியில் உண்டு, எதில் இல்லை என்று பார்த்தால், மேலேரிக்கும் கீழேரிக்கும் தொடர்பு எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடுகிறது. நாற்பது ஹெக்டேருக்குக் கீழே ஆயக்கட்டு உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்கு, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறைக்கு என்பது நம் பிரிவினை. ஒரே சங்கிலியில் இருக்கிற ஏரிகள் இரண்டு அலுவலகத்துக் கோப்பில் பிரிந்து கிடக்கின்றன. மீனுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. பணியில் இருந்தபோது வரைபடத்தில் நான் பார்க்காத ஆக்கிரமிப்பை, எதிரேறாத குறவை காட்டிக்கொடுத்தது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிற புத்தகத்தில் பல்லவர், சோழர், கும்பினி என்று ராஜ்யவாரியாக அத்தியாயம் பிரிக்கவில்லை. மீனின் ஆண்டுப்படி பிரித்திருக்கிறேன். முதல் அத்தியாயம் ஈசல் விழுகிற மழை. அடுத்தது கலங்கல் வழிகிற கார்த்திகை, அங்கேதான் உத்திரமேரூர் ஏரி வாரியம் வரும். தை, மாசியில் மதகு திறப்பு, நீர்க்கட்டி, நெல். பங்குனியில் ஏலமும் வலையும், அங்கே பாசிப்பாட்டமும் தாத்தாவின் கணக்கும். தண்ணீர் வற்றிய வைகாசியில், சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற குறவையோடு பிளேஸ் துரையின் தூர்வாரல் வரும். கல்வெட்டும் கையேடும் அதே கல்வெட்டும் கையேடும்தான். அவற்றைக் கரையில் உட்கார்ந்து படித்தால் வரிசை மாறுகிறது.

தாமஸ் தன் புத்தகத்தை மூன்று பதிப்புக்கு வளர்த்தார். ஒவ்வொரு பதிப்பிலும் திருத்துவதற்கு, தண்ணீர் அவருக்குப் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பதிப்பு போதும். ஆனால் அச்சுக்குப் போகும் முன், குத்தகைக் காலத்தை நீட்டினால் குஞ்சு தப்புமா என்று அந்த வலைக்காரரின் பேச்சு கிளப்பிய கேள்வியைத் தனி அத்தியாயமாக எழுதி, நீர்வளத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் ஒன்றியத்துக்கும் ஆளுக்கொரு படி அனுப்பப்போகிறேன். ஒரு கலெக்டரின் தூண்டில் புத்தகம் கிளப்பிய வாதத்துக்குச் சட்டம் வர இருபத்துநாலு ஆண்டு ஆயிற்று. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலரின் புத்தகத்துக்கு அதைவிடக் கூடுதலாகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.